மறுபடி எந்த மெஷினில்? – கடிதம்

வணக்கம் சார்,

ஓசூரில், தகட்டை மெஷினில் அமுக்கி வடிவமாக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டராக இருந்தேன். போன வருடம் நைட் ஷிஃப்டில் வலது கை சுட்டுவிரலும் நடுவிரலும் போய்விட்டன. டார்கெட் ஏறவில்லை என்று அன்றைக்கு, கை உள்ளே போனால் மெஷினை நிறுத்துகிற சென்சாரை ஆஃப் செய்து வைத்திருந்தார்கள். ஈ.எஸ்.ஐ.யில் நன்றாகவே பார்த்தார்கள், லீவில் இருந்த காலத்துக்குப் பணமும் வந்தது. பிறகு மெடிக்கல் போர்டு ஊனம் 20 சதவீதம் என்று போட்டது. இப்போது மாதாமாதம் பென்ஷன் வருகிறது. கம்பெனியில் "வா, லேசான வேலை தருகிறோம்" என்கிறார்கள். "வேலைக்குப் போனா பென்ஷன கட் பண்ணிடுவாங்க" என்கிறார் மாமனார். அக்கம்பக்கத்தில், அதையும் வாங்கிக்கொண்டு சம்பளமும் வாங்கப் போகிறானா என்று பேச்சு. எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. போகலாமா, வேண்டாமா? பட்டறைகளைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதால் கேட்கிறேன். பெயர் போட வேண்டாம்.

ம., ஓசூர்

அன்புள்ள தம்பி,

உங்கள் மாமனார் பயப்படுகிற மாதிரி ஒன்றும் ஆகாது. நிரந்தர ஊனத்துக்கு ஈ.எஸ்.ஐ. கொடுக்கும் பணம் ஆயுள் முழுக்க வரும். பழைய கம்பெனிக்கே போனாலும் வரும், வேறு இடத்தில் சேர்ந்தாலும் வரும். வேலைக்குத் திரும்பினால் நிற்பது தற்காலிக ஊனத்துக்கான பணம். டாக்டர் ஃபிட் எழுதியதும் உங்களுக்கு அது முடிந்திருக்கும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாத குடும்பத்தை நான் பார்த்ததில்லை. போர்டு கொடுத்த தாளில் அந்த 20 இறுதி மதிப்பீடா, தற்காலிக மதிப்பீடா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். தற்காலிகம் என்றால் மறுபடி கூப்பிடுவார்கள்.

அக்கம்பக்கத்தை விடுங்கள். கூச்சம் என்கிறீர்களே, அதற்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. மாதாமாதம் உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடித்தார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டினார். பைக் இன்சூரன்ஸ் பணம் வாங்குகிறவன் யாராவது கூச்சப்படுகிறானா?

அந்த 20 எங்கிருந்து வந்தது என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா? சட்டத்தின் பின்னால் ஓர் அட்டவணை இருக்கிறது. கட்டைவிரல் போனால் 30, சுட்டுவிரல் முழுதாகப் போனால் 14, நடுவிரல் 12. ஒரே கையில் இரண்டு விரல் போனால் அதற்குத் தனியாக ஒரு வரி, 20. பதினாலும் பன்னிரண்டும் இருபத்தாறு என்று நமக்குத் தெரிந்த கணக்கு அங்கே செல்லாது. நாள் சம்பளம் 600 என்றால் அதில் 90 சதவீதம் 540, அந்த 540இல் 20 சதவீதம், நாளுக்கு 108 ரூபாய். அந்த விரலை வைத்து நீங்கள் தகட்டுக்கு வடிவம் கொடுக்கிற அச்சை, அதாவது டையை, செட் பண்ணினீர்களா, ரசீது எழுதினீர்களா என்று அட்டவணை கேட்பதில்லை. போர்டின் முடிவு குறைவு என்று பட்டால் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். அந்தக் கெடு தாண்டியிருக்கும் என்று நினைக்கிறேன், இருந்தாலும் தேதியைப் பாருங்கள்.

இதையெல்லாம் எந்தக் கிளை அலுவலகத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். உங்களுக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. மாமனார், பென்ஷன், பக்கத்து வீடு என்று எல்லாவற்றையும் விளக்கமாக எழுதிவிட்டு, சென்சாரை ஆஃப் செய்திருந்ததை ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். யார் ஆஃப் செய்தது? சூப்பர்வைசரா? சாவி யாரிடம் இருந்தது? நீங்கள் கேட்கவே இல்லையா?

பிரஸ்ஸில் நின்றவருக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. கை டைக்குள் இருந்தால் மேலிருந்து அமுக்குகிற ராம் இறங்கக் கூடாது, அதற்குத்தான் லைட் கர்ட்டன் என்கிற அந்த ஒளி சென்சார். இரண்டு கையும் வெளியே இருந்தால்தான் அமுக்க முடியும் என்று இரண்டு பட்டன் வைக்கிறார்கள். ஒரு பட்டனில் கட்டையைச் செருகிவிட்டு, ஒரு கையால் ஓட்டி மறு கையால் ஷீட்டைத் தள்ளுவதும் உங்களுக்குத் தெரியும். மெஷின் ஓடும்போது தடுப்பு அதன் இடத்தில் இருக்க வேண்டும் என்று 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டமே சொல்லிவிட்டது.

என் சித்தப்பா கோவையில் கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில் பிரஸ் ஆபரேட்டர். மெஷின் உடம்பில் உள்ளங்கையை வைத்தே கிளட்ச் வழுக்குகிறது என்று சொல்லிவிடுவார். அவருக்கும் இதே கதைதான், இதே வலது கை. அவருக்கும் 'லேசான வேலை' கொடுத்தார்கள். கேட் பக்கத்தில் ஒரு நாற்காலி, ஒரு ரிஜிஸ்டர். லாரி நம்பரை இடது கையால் எழுதப் பழகிக்கொண்டார், ஏழும் ஒன்றும் ஒரே மாதிரி இருக்கும். யாரும் அவரை மரியாதைக் குறைவாக நடத்தவில்லை. லேசான வேலைக்கு லேசான சம்பளம், அவ்வளவுதான். டீ குடிக்க வருகிற பையன்களிடம் "இன்னிக்கு எந்த டை?" என்று கேட்பார். பதில் சொல்லிவிட்டுப் போவார்கள், நின்று பேச மாட்டார்கள். அதே பிரஸ்ஸில் அதே மாதிரி இன்னொரு பையனுக்கு அடிபட்டு ஆட்டோவில் கொண்டு போனபோது, அந்த வண்டி வெளியே போன நேரத்தை ரிஜிஸ்டரில் எழுதியவர் சித்தப்பா.

அதனால் 'லேசான வேலை' என்று கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தொழில் தெரிந்தவனை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தொழில் தெரியாதவனைக் கெட்டுப்போன மெஷினில் நிறுத்துகிற ஏற்பாடு அது. இதில் சட்டமும் உங்களுக்குப் பெரிதாகக் கைகொடுக்காது. அரசு பஸ் டிரைவருக்குப் பணிக்காலத்தில் ஊனம் ஏற்பட்டால் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும், இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கியாவது வைத்துக்கொள்ள வேண்டும். 2016ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 20ஆவது பிரிவு. ஆனால் அது அரசு நிறுவனங்களுக்குத்தான். பிரஸ் ஷாப் முதலாளி மனது வைத்தால் உண்டு.

போங்கள். வீட்டில் உட்கார்ந்தால் கை இன்னும் விறைத்துப்போகும். ஓசூர் குளிரில் வெட்டுப்பட்ட இடம் சுரீர் என்று இழுக்கும், இல்லாத விரலின் நுனி அரிக்கும். பயப்படாதீர்கள், பிசியோதெரபியையும் விட்டுவிடாதீர்கள். ஆனால் கேட்டுக்குப் போகாதீர்கள். டை செட்டிங், குவாலிட்டி, புதுப் பையன்களுக்குப் பழக்குவது, இதில் ஒன்றைக் கேளுங்கள். பழைய சம்பளம் குறையாது என்று எழுதி வாங்குங்கள். முடியாது என்றால் வேறு கம்பெனி பாருங்கள், பென்ஷன் கூடவே வரும்.

சென்சார் விஷயத்தைத் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்துக்கு எழுதலாம். புகார் கொடுத்தவர் யார் என்பதை ஆய்வாளர் வெளியே சொல்லக் கூடாது என்பது பழைய தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருக்கிறது. பயமாக இருந்தால் ஆறு மாதம் கழித்து எழுதுங்கள், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் இடத்தில் இப்போது யாரையாவது நிறுத்தியிருப்பார்கள், பெரும்பாலும் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த ஒரு பையனாக இருக்கும். அவன் ஷிஃப்டில் சென்சார் ஆன் ஆகியிருக்கிறதா என்று விசாரித்து எனக்கு எழுதுங்கள்.