வீட்டுக் கழிவுநீர் யூனிட் நைட்ரஜனை நீக்குகிறதா என்று எப்படிச் சோதிப்பது?

கேள்வியின் சுருக்கம்: மார்த்தாண்டம் பக்கம் 6 சென்ட் வீடு, 4 பேர். குளியல், சமையல், கழிப்பறை என்று எல்லாத் தண்ணீரும் செப்டிக் டேங்குக்குப் போய், அங்கிருந்து காற்று ஊதும் புளோயர் வைத்த சுத்திகரிப்பு யூனிட் வழியாக உறைக்குழியில் இறங்குகிறது. குடிநீர்க் கிணறு 9 மீட்டர் தள்ளி இருக்கிறது. விற்றவர் "70 சதவீத நைட்ரஜன் போய்விடும்" என்கிறார். லேப் ரிப்போர்ட்டில் பிஓடி (மக்கும் கரிம அழுக்கின் அளவு) 18, டிஎஸ்எஸ் (கரையாமல் மிதக்கும் துகள்கள்) 22, நைட்ரேட் 4. இது நல்ல ரிப்போர்ட்டா?

பிஓடியும் டிஎஸ்எஸ்ஸும் நன்றாக இருக்கின்றன. நைட்ரஜனைப் பற்றி மட்டும் இந்த ரிப்போர்ட்டிலிருந்து எதுவும் சொல்ல முடியாது. புளோயர் நின்றுபோன யூனிட்டில் நைட்ரேட் இதைவிடக் குறைவாகவே இருக்கும். செப்டிக் டேங்கிலிருந்து வெளியேறும் நீரில் நைட்ரேட் கிட்டத்தட்ட பூஜ்யம். அதிலுள்ள நைட்ரஜனில் பெரும்பகுதி அம்மோனியா, மீதி கரிமப் பொருளோடு ஒட்டியது. ஆகவே நைட்ரேட் குறைவு என்பதற்கு "நைட்ரஜன் போய்விட்டது" என்றும் பொருள் இருக்கலாம், "அம்மோனியா இன்னும் அப்படியே இருக்கிறது" என்றும் பொருள் இருக்கலாம். அம்மோனியாவை அளக்காமல் இந்த இரண்டையும் பிரிக்க வழியில்லை.

நைட்ரஜன் நீங்குவது இரண்டு படிகளில். முதல் படியில், காற்றுள்ள அறையில் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட் ஆக்கும். இரண்டாம் படியில், காற்றில்லாத இடத்தில் வேறு பாக்டீரியா, கழிவிலுள்ள கரிமத்தை உணவாகக் கொண்டு அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றும். இரண்டாம் படிக்கு இடமே இல்லாத யூனிட் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றித் தருமே தவிர, மொத்தத்தைப் பெரிதாகக் குறைக்காது. காற்றே இல்லாத "பயோ செப்டிக்" ஃபைபர் டேங்குகளும், பயோ டைஜெஸ்டர் வகைகளும் முதல் படியைக்கூடச் செய்வதில்லை. அவற்றின் நீர் தெளிவாக, வாடை குறைவாக வரலாம். அம்மோனியா மட்டும் அதில் முழுசாக இருக்கும்.

லேபில் கேட்க வேண்டியவை இவை: கெல்டால் நைட்ரஜன் எனப்படும் டிகேஎன், அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், காரத்தன்மை (அமிலத்தைத் தாங்கி பிஎச்சைச் சரியாமல் வைக்கும் திறன்), பிஎச், குளோரைடு, டிஎஸ்எஸ். டிகேஎன் என்பது அம்மோனியாவும் கரிம நைட்ரஜனும் சேர்ந்தது. மொத்த நைட்ரஜன் என்பது டிகேஎன், நைட்ரைட், நைட்ரேட் மூன்றின் கூட்டல். அம்மோனியா ஏற்கெனவே டிகேஎன்னுக்குள் இருப்பதால் அதை மறுபடி கூட்டக்கூடாது. ரிப்போர்ட்டை வைத்துக் கணக்குப் போடுபவர்களில் பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். இன்னொன்று, எல்லா எண்ணும் "நைட்ரஜனாக" வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். குடிநீர் லேபுகள் வழக்கமாக நைட்ரேட்டை நைட்ரேட்டாகவே தருகின்றன. அதை 4.43ஆல் வகுத்தால் நைட்ரஜன் கணக்கு வரும். உங்கள் 4 என்பது நைட்ரேட்டாகச் சொன்னது என்றால், நைட்ரஜனாக வெறும் 0.9. இந்தியக் குடிநீர்த் தரத்தின் நைட்ரேட் வரம்பு 45 மி.கி./லி.; நைட்ரஜனாக அது சுமார் 10.

உங்கள் ரிப்போர்ட்டில் இவை ஏன் இல்லை என்றால், 2017 அக்டோபரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட கழிவுநீர் நிலையத் தரத்தில் பிஎச், பிஓடி, டிஎஸ்எஸ், மலக் கோலிஃபார்ம் இவ்வளவுதான். மொத்த நைட்ரஜன் அதில் இல்லை. கேட்காமல் எந்த லேபும் செய்யாது.

அடுத்தது எங்கே எடுப்பது. ஒரு மாதிரி போதாது, இரண்டு இடம் வேண்டும். ஒன்று செப்டிக் டேங்கிலிருந்து யூனிட்டுக்குள் போகும் குழாய் (யூனிட்டின் நீரை டேங்குக்கே திருப்பும் ரிட்டர்ன் லைன் இருந்தால் இங்கே எண் ஏற்கெனவே குறைந்திருக்கும்; அப்போது வீட்டிலிருந்து டேங்குக்குள் வரும் நீரோடுதான் ஒப்பிட வேண்டும்). மற்றது யூனிட்டின் கடைசி அறையிலிருந்து உறைக்குழிக்குப் போகும் குழாய். உறைக்குழிக்குள்ளிருந்து எடுத்தால் மண்ணும் மழையும் கலந்த நீர்தான் கிடைக்கும். குளோரின் மாத்திரை அறை இருந்தால் அதற்கு முன்பே எடுங்கள். குளோரின் அம்மோனியாவோடு சேர்ந்து அளவைக் கெடுக்கும். குழாயின் உட்சுவரில் படிந்த வழுவழுப்புப் பாட்டிலில் விழுந்துவிட்டால் டிகேஎன் தாறுமாறாக ஏறும். நீர் கொஞ்சம் ஓடிய பிறகு, ஓட்டத்தின் நடுவில் பிடிக்க வேண்டும்.

வீட்டுத் தண்ணீர் காலை 6 முதல் 9 வரை வெள்ளமாக வரும், மதியம் சொட்டும். அதனால் ஒரே தடவை பிடித்த நீர் அந்த நேரத்துக் கதையை மட்டும் சொல்லும். 3 மணி நேரத்துக்கு ஒரு முறை சம அளவு எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்த ஒரே கேனில் சேர்த்து, கடைசியில் குலுக்கிப் பாட்டிலில் ஊற்றுவது நல்லது. வெளியேறும் நீர் சம்ப்பில் தேங்கி பம்ப்பில் போகும் அமைப்பானால் அந்தச் சம்ப்பே ஓரளவு சராசரியைத் தந்துவிடும். அடியில் படிந்த சேறு வராமல் நடு உயரத்தில் ஒருமுறை எடுத்தால் போதும்.

பாட்டில் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். டிகேஎன், அம்மோனியா இரண்டுக்கும் கந்தக அமிலம் சேர்த்துப் பிஎச் 2க்குக் கீழே கொண்டுவந்த பாட்டில். லிட்டருக்கு அடர் அமிலம் 2 மி.லி. போதும். இதை வீட்டில் ஊற்ற வேண்டாம், லேபே போட்டுத் தரும். அந்தப் பாட்டிலைக் கழுவக்கூடாது, வழிய வழிய நிரப்பவும் கூடாது. நைட்ரேட்டையும் நைட்ரைட்டையும் தனித்தனியாகப் பார்க்க அமிலம் இல்லாத இன்னொரு பாட்டில். அதை 48 மணி நேரத்துக்குள் சோதித்தாக வேண்டும். காரத்தன்மை, பிஎச், குளோரைடு, டிஎஸ்எஸ் ஆகியவற்றுக்கும் அமிலம் போடாத நீர்தான். உலோகச் சோதனைக்கென்று லேபில் வைத்திருக்கும் பாட்டிலில் நைட்ரிக் அமிலம் இருக்கும். தவறி அது கைக்கு வந்தால், அமிலத்திலேயே நைட்ரேட் இருப்பதால் ரிப்போர்ட் முழுக்கக் குப்பைதான். எடுத்த நிமிடத்திலிருந்து லேப் வாசல் வரை ஐஸ் வேண்டும், 6 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. நாகர்கோவிலோ திருவனந்தபுரமோ போகிற வழியில் பாட்டில் காருக்குள் சூடேறினால், உள்ளிருக்கும் பாக்டீரியா நைட்ரேட்டைத் தின்று முடித்துவிடும். ரிப்போர்ட் மிக அழகாக வரும், ஆனால் பொய்யாக.

இனி எண்களைப் படிப்பது. அம்மோனியா உயர்ந்து நைட்ரேட் தாழ்ந்திருந்தால் முதல் படியே நடக்கவில்லை. அம்மோனியா தாழ்ந்து நைட்ரேட் உயர்ந்திருந்தால் முதல் படி நன்றாக நடக்கிறது, இரண்டாவது நடக்கவில்லை. அம்மோனியா குறைவு, டிகேஎன் மட்டும் அதிகம், டிஎஸ்எஸ்ஸும் அதிகம் என்றால் சேறு கலங்கி வெளியே போகிறது. டேங்கை வாரவேண்டிய நேரம். நைட்ரைட் 1க்கு மேல் நிற்கிறது என்றால் முதல் படி பாதியில் திணறுகிறது, காற்றோ பிஎச்சோ போதவில்லை.

முதல் படி நடக்கவில்லை என்றால் எல்லாரும் புளோயரைத்தான் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியதுதான். காற்றைக் குமிழியாக்கும் டிஃப்யூசர் அடைத்திருக்கும், புளோயரின் ரப்பர் சவ்வான டயாஃப்ரம் கிழிந்திருக்கும், மின்சாரச் செலவென்று யாரோ அணைத்திருப்பார்கள். காற்றறையில் கரைந்த ஆக்சிஜன் 2 மி.கி./லி.யாவது வேண்டும். ஆனால் நம் செம்மண் பகுதியில் அதற்கு இணையான இன்னொரு காரணம் இருக்கிறது, அது காரத்தன்மை. இதை விற்பவர்கள் சொல்வதில்லை. பலருக்கு இது தெரியாது என்றே நினைக்கிறேன்.

1 மி.கி. அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற 4.57 மி.கி. ஆக்சிஜனும் 7.14 மி.கி. காரத்தன்மையும் செலவாகும். காரத்தன்மை தீர்ந்தால் பிஎச் சரியும், 6.5க்குக் கீழே அந்தப் பாக்டீரியா சோர்ந்துவிடும். விளவங்கோடு, கல்குளம், பாறசாலைப் பக்கத்துச் செம்மண் கிணற்று நீர் மென்மையானது, பெரும்பாலும் சற்றே அமிலத்தன்மை உள்ளது. காரத்தன்மை 30 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு நாளில் 8 கிராம் நைட்ரஜன் என்றால் 4 பேருக்கு 32 கிராம். 540 லிட்டர் தண்ணீரில் அது சுமார் 60 மி.கி./லி. இந்த நைட்ரஜன் அம்மோனியாவாகும்போது ஒவ்வொரு மி.கி.க்கும் 3.57 வீதம் 214 காரத்தன்மையைத் தானே உண்டாக்கும். கிணற்று நீரின் 30ஐயும் சேர்த்தால் 244. அறுபதையும் நைட்ரேட்டாக்கத் தேவை 428. பிஎச் சரியாமல் இருக்க 50ஐ மிச்சம் வைத்தால், செலவழிக்கக் கையில் இருப்பது 194. அதில் 27 மி.கி.தான் மாறும். மீதி 33 அம்மோனியாவாகவே வெளியேறும். எவ்வளவு பெரிய புளோயர் வைத்தாலும் இது மாறாது. பாலக்காட்டின் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் கடின நீர் உள்ள வீட்டில் நன்றாக ஓடும் அதே யூனிட் இங்கே வந்து திணறுவதற்கு இதுவே போதுமான காரணம்.

நல்ல செய்தி என்னவென்றால், இரண்டாம் படி நடந்தால் ஒவ்வொரு மி.கி.க்கும் 3.57 காரத்தன்மை திரும்பக் கிடைக்கும். அதனால் காற்றறையின் நீரில் ஒரு பங்கைச் செப்டிக் டேங்கின் முதல் அறைக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் லைன் மிக முக்கியம். அங்கே காற்று இல்லை, கரிமம் நிறைய இருக்கிறது. திருப்பும் நீர் வரும் நீரைப்போல் எத்தனை மடங்கு என்பதை வைத்து அதிகபட்ச நீக்கத்தைக் கணக்கிடலாம்: ஒரு மடங்கானால் 50 சதவீதம், இரு மடங்கானால் 67, மூன்று மடங்கானால் 75. சேற்றில் தங்குவது இதற்கு மேல் சிறிதளவு. விற்றவர் சொன்ன 70 சதவீதத்துக்கு 2.3 மடங்கு திருப்ப வேண்டும். உங்கள் வீட்டில் அது ஒரு நாளைக்குச் சுமார் 1,250 லிட்டர். உங்கள் யூனிட்டில் ரிட்டர்ன் லைன் இருக்கிறதா, ஒரு பக்கெட் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று முதலில் பாருங்கள். அந்த லைனே இல்லையென்றால் அந்த 70க்கு அடிப்படையே இல்லை. மூன்று மடங்குக்கு மேலும் போகவேண்டாம். திரும்பும் நீரோடு ஆக்சிஜனும் சேர்ந்து வந்து கரிமத்தைத் தின்றுவிடும், வேகம் கூடினால் அடிச்சேறும் கலங்கும்.

வெளியேறும் நீரில் காரத்தன்மை 50க்குக் கீழே இருந்து அம்மோனியாவும் மிச்சமிருந்தால், ரிட்டர்ன் லைனைச் சரிசெய்த பிறகு ஆப்பசோடா போட்டுப் பார்க்கலாம். 100 மி.கி./லி. காரத்தன்மையை ஏற்ற, 540 லிட்டருக்கு நாளொன்றுக்குச் சுமார் 90 கிராம். சில வாரங்களில் அம்மோனியா இறங்கினால் காரணம் உறுதியாகிவிட்டது. நிரந்தரத் தீர்வாக, ரிட்டர்ன் நீர் போகிற வழியில் கடற்சிப்பி ஓடு நிரப்பிய கூடை வைக்கலாம். மெதுவாகக் கரையும்; பிஎச் குறையும்போது வேகமாகக் கரையும் என்பது அதன் சிறப்பு.

கழிப்பறை நீர் மட்டும் டேங்குக்குப் போய், குளியல் நீரும் அடுக்களை நீரும் தென்னைமூட்டுக்குப் போகும் வீடுகள் நம் பக்கம் நிறைய. அங்கே அதே 32 கிராம் 120 லிட்டரில் கரைந்து 260 மி.கி./லி. வரை வரும். அந்த வீட்டில் 50 சதவீதம் நீங்கினாலும் 130 மிச்சம். சதவீதத்தை மட்டும் கேட்டு யூனிட் வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மழைக்காலம் இன்னொரு பொறி. நமக்கு ஜூன், ஜூலையிலும் மழை, அக்டோபர், நவம்பரிலும் மழை. விரிசல் விட்ட டேங்குக்குள் நீர் ஊறினால் எல்லா எண்ணும் குறையும். குளோரைடு இதைக் காட்டிக்கொடுக்கும், ஏனென்றால் யூனிட் எதுவும் குளோரைடை நீக்குவதில்லை. உள்ளே மொத்த நைட்ரஜன் 60, குளோரைடு 80. வெளியே 27, 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்வைக்கு 55 சதவீதம் நீங்கியதுபோல் இருக்கும். விகிதம் போட்டால் உள்ளே 0.75, வெளியே 0.675, உண்மையில் நீங்கியது 10 சதவீதம்தான், மீதி மழை. மாதிரி எடுப்பதற்கு முந்தைய சில நாட்கள் கழிப்பறைக்கு ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஊற்றாதீர்கள். இரண்டும் குளோரைடை ஏற்றும், பாக்டீரியாவையும் தாக்கும்.

எத்தனை முறை? யூனிட் புதிதென்றால் முதல் இரண்டு மாத எண்களை வைத்துத் தீர்ப்பு வேண்டாம், அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா மெதுவாக வளரும். இன்று உள்ளே போகும் நீர் இன்றே வெளியே வருவதும் இல்லை. 1,500 லிட்டர் கொள்ளும் யூனிட்டில் 540 லிட்டர் ஓட்டத்துக்கு ஏறக்குறைய மூன்று நாள் தங்கும். அதனால் ஒரு நாளில் எடுத்த உள்-வெளி மாதிரி ஜோடியை நம்பாமல், மாதம் ஒன்றாக ஆறு மாத ஜோடிகளின் சராசரியைப் பாருங்கள். நைட்ரஜன் நீக்கத்துக்கென்றே உள்ள அமெரிக்கத் தரமான என்எஸ்எஃப் 245ம் ஆறு மாதம் ஓட்டித்தான் சராசரியாக 50 சதவீத நீக்கத்தைக் கேட்கிறது. சலவை நாள், மின்தடை, வீடு பூட்டிக் கிடந்த நாட்கள் எல்லாம் அந்தச் சோதனையில் உண்டு. இடைப்பட்ட வாரங்களில் நிறம் மாறிக் காட்டும் சோதனை ஸ்டிரிப் போதும். அம்மோனியா ஸ்டிரிப்புக்கு, மாதிரி நீர் ஒரு பங்கோடு காய்ச்சி வடித்த நீர் 9 பங்கு கலந்து, வரும் எண்ணை 10ஆல் பெருக்குங்கள், இல்லாவிட்டால் நிறம் உச்சத்தில் நின்றுவிடும். நைட்ரைட் இருந்தால் நைட்ரேட் ஸ்டிரிப் அதையும் நைட்ரேட்டாகவே காட்டும்.

கிணறு 9 மீட்டரில் இருப்பது பக்கத்துக் கேரளத்தின் கட்டட விதி சொல்லும் 7.5 மீட்டரைத் தாண்டுகிறது (மார்த்தாண்டம் தமிழ்நாடு என்பதால் இது ஒப்பீட்டுக்கு மட்டும்). அந்தத் தூரம் கிருமிகளுக்கு ஓரளவு உதவும். நைட்ரேட்டை மண் பிடித்து வைக்காது, அது தண்ணீரோடு நடந்து கிணற்றுக்கு வந்துவிடும். ஆகவே கிணற்று நீரில் நைட்ரேட், அம்மோனியா, குளோரைடு, ஈ.கோலி நான்கையும் கோடையில் ஒருமுறை, மழை ஓய்ந்தபின் ஒருமுறை பாருங்கள். நைட்ரேட் 45ஐத் தாண்டினால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்த நீரில் பால் கலக்கக்கூடாது. கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது, நீர் வற்ற வற்றக் கூடத்தான் செய்யும்.