கேளுங்க, சொல்றோம்: அட்டைப்படம் போட்டது யாரு?

கேள்வி: அப்பாவோட ட்ரங்குப் பொட்டியில 80கள்ல வந்த மாத நாவல் ஒரு நாப்பது இருக்கு. அட்டைப்படம் யார் வரைஞ்சதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? (வாசகி, குகை, சேலம்)

பதில்: எடைக்குப் போடாம வெச்சிருக்கீங்களே, அதுக்கே ஒரு கும்பிடு! மொதல்ல கீழ் மூலையப் பாருங்க, கையெழுத்து அங்கதான் இருக்கும், ஆனா வாடகை லைப்ரரிக்காரங்க நாலஞ்சு நாவல ஒண்ணா தெச்சு பைண்டிங்குக்கு குடுத்திருந்தா கட்டிங் மெஷின் அதைத்தான் மொதல்ல முழுங்கியிருக்கும். செவ்வாய்ப்பேட்டை பழைய பேப்பர் கடையில நான் எடுத்த நாவல்ல ஓவியர் மாருதியோட கையெழுத்துல "மாரு" மட்டும் தெரியுது, "தி" மேல லைப்ரரி ரப்பர் ஸ்டாம்ப்பு ஊதா கலர்ல குந்தியிருக்கு!

கையெழுத்து போச்சுன்னா உள்பக்கம் புரட்டுங்க, "அட்டை ஓவியம்"னு பொடி எழுத்துல பேர் போட்டிருப்பாங்க. அதுவும் இல்லியா, கண்ணு, கையி, துணி மடிப்பு பாருங்க. மாருதி வரைஞ்ச பொண்ணுங்க உருண்டை முகம், பெரிய கண்ணு, நம்ம பக்கத்து வீட்டு அக்கா மாதிரி. புதுக்கோட்டைக்காரர், நெசப்பேரு ரங்கநாதன், 2023ல காலமாயிட்டாரு. ஜெயராஜ்னா ஒல்லியா, ஸ்டைலா, சுஜாதா கதைங்கள்ல வர்ற வக்கீலுங்க கணேஷ் வசந்துக்கு மூஞ்சி குடுத்தவரு. "ம.செ."ன்னு இருந்தா மணியம் செல்வன், 'பொன்னியின் செல்வன்' கல்கியில தொடரா வந்தப்ப படம் போட்ட மணியத்தோட மகன். துப்பாக்கி, ரத்தம், மிரண்டுபோன பொண்ணுன்னா ஓவியர் ஷ்யாம் வரைஞ்சதான்னு பாருங்க. 2008ல பிளாஃப்ட் பதிப்பகம் நம்ம மாத நாவல் கதைங்கள இங்கிலீஷ்ல தொகுத்தப்ப அட்டை அவரோடதுதான்.

இந்தக் கூத்து அமெரிக்காவுலயும் உண்டு. 1930கள்ல 'வியர்ட் டேல்ஸ்'ங்கற திகில் கதைப் பத்திரிகை அட்டைங்கள்ல "எம். பிரண்டேஜ்"னு கையெழுத்து இருக்கும், அரைகுறை டிரெஸ் பொண்ணுங்க வேற, யாரோ ஆம்பளன்னே நெனச்சாங்க, பார்த்தா மார்கரெட் பிரண்டேஜ்ங்கற அம்மா!

கேள்வி: கிழிஞ்ச அட்டைய செலோடேப் போட்டு ஒட்டலாமா? (வாசகர், ஏற்காடு)

பதில்: அய்யய்யோ வேணாங்க. கொஞ்ச வருஷத்துல டேப் மஞ்சளாயி, உரிச்சா மையும் சேர்ந்து வந்துரும். உங்க ஊரு ஈரத்துல புத்தகத்துல அடிச்ச ஸ்டேப்ளர் பின்னு துருப்பிடிச்சு கறை எறங்கும், அதை மட்டும் மெதுவா நெம்பி எடுத்துட்டு நூல் போட்டுத் தெச்சுக்கங்க. பனிக்காலத்துல பொட்டிய தரையில வெக்காதீங்க.