தமிழ் தெரியாதவருக்குத் தமிழ்ப் பிழையைக் காட்டுவது எப்படி?

கும்பகோணத்தில் அழைப்பிதழும் ஃப்ளெக்ஸும் டிசைன் செய்யும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “வாட்ஸ்அப்பில் வரும் யூனிகோடு தமிழை டிசைன் மென்பொருளில் பேஸ்ட் செய்தால் ‘கோவில்’ என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. சில இடங்களில் புள்ளி வட்டம் வருகிறது. அதே மென்பொருளில் பாமினியில் அடித்தால் சரியாக இருக்கிறது. கம்பெனிக்கு மூன்று தடவை எழுதிவிட்டேன். தமிழ் சொல்திருத்தி வேண்டும் என்றும் கேட்டேன், பெயர்ப் பிழையால் இரண்டு அழைப்பிதழை மறுபடி அச்சடிக்க வேண்டியதாகிவிட்டது. எதற்கும் பதில் இல்லை. நாம் எழுதுவதை யாராவது படிக்கிறார்களா? எப்படி எழுத வேண்டும்?”

மென்பொருளின் பெயரை எடுத்துவிட்டேன். இந்தச் சிக்கல் ஒன்றுக்கு மட்டும் உரியதல்ல.

படிக்கிறார்கள். ஆனால் நீங்கள் எழுதியது (கடிதத்தோடு நகல் அனுப்பியிருந்தீர்கள்) “தமிழ் சரியாக வரவில்லை, உடனே சரிசெய்யவும்” என்ற ஒற்றை வரி. அதைப் படிப்பவர் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. சரியான ‘கோவில்’, உடைந்த ‘கோவில்’ இரண்டும் அவருக்கு வெறும் கோடுகள். எது தப்பு, எது சரி என்று தெரியாமல் அவர் எதைத் திருத்துவார்? அவர் அலட்சியக்காரராக இருக்க வேண்டியதே இல்லை, உங்கள் கடிதம் கிடப்பில் போக இதுவே போதும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. குற்றவாளி மென்பொருள்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். சந்தேகப்பட வேண்டியவை நான்கு: உள்ளிட்ட உரை, ஃபாண்ட், மென்பொருளின் அமைப்பு (செட்டிங்ஸ்), கடைசியாக மென்பொருள். பலரும் நேராகக் கடைசி ஆளைப் பிடித்துவிடுகிறார்கள்.

‘பாமினியில் சரியாக வருகிறதே’ என்ற உங்கள் வரி முக்கியமானது, ஆனால் நீங்கள் நினைக்கும் காரணத்துக்காக அல்ல. பாமினி மாதிரியான பழைய ஃபாண்ட்களில் உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகள், மேலே தமிழ் வேடம். கொம்பை முதலில் அடிக்கிறீர்கள், அது முதலில் நிற்கிறது. மென்பொருளுக்கு அங்கே எந்த வேலையும் கிடையாது. யூனிகோடில் அப்படி இல்லை. ‘கெ’ என்பதில் ‘க’ முதலில், கொம்பு அதற்குப் பிறகு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது மென்பொருளின் பொறுப்பு. ‘கொ’ என்றால் ஒரே குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னும் துணைக்காலைப் பின்னும் நிறுத்த வேண்டும். இந்த வேலைக்கு ஷேப்பிங் என்று பெயர். ஃபயர்ஃபாக்ஸ், குரோம், லிப்ரே ஆபீஸ் எல்லாம் இதற்கு ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நிரல்தொகுப்பைப் பயன்படுத்துகின்றன. ஆக, பாமினி சரியாக வருவது மென்பொருளுக்குத் தமிழ் தெரியும் என்பதற்குச் சான்று ஆகாது.

இப்போது உரையைப் பாருங்கள். பேஸ்ட் செய்த அதே வரியை நோட்பேடிலும் பிரவுசரிலும் ஒட்டுங்கள். அங்கேயும் உடைந்தால் மென்பொருளை விட்டுவிடலாம். பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்த தமிழ் பெரும்பாலும் இந்த வகை. இணையப் பக்கங்களிலிருந்து எடுத்ததில் கண்ணுக்குத் தெரியாத இணைப்பு நீக்கும் குறி ஒட்டிக்கொண்டு வரும். எழுத்துக்கும் அதன் குறிக்கும் நடுவே அது புகுந்தால், எழுத்தில்லாமல் தனியாக நிற்கும் குறிக்குக் காட்டப்படும் புள்ளி வட்டம் வரலாம்.

‘கௌரி’ தனிக் கதை. நிறைய பேர் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பு போட்டு, ‘க’ அடித்து, பக்கத்தில் ‘ள’ அடித்துவிடுகிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் தேடினால் கிடைக்காது, வரி மடங்கும்போது ‘ள’ மட்டும் கீழே விழக்கூடும். இதை மென்பொருள் பிழை என்று புகார் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகையில் தவிர்க்க முடியாத ‘ஸ்ரீ’க்கும் இரண்டு வழிகள் உண்டு. ‘ஸ்’ போட்டு எழுதுவது ஒன்று, 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’வைக் கொண்டு எழுதுவது இன்னொன்று. சில ஃபாண்ட்கள் ஒன்றை மட்டும் கூட்டெழுத்தாகக் காட்டி, மற்றதைப் பிரித்துப் போடும். அது ஃபாண்ட் செய்தவருக்குப் போக வேண்டிய புகார்.

ஃபாண்ட் சோதனை சுலபம். நோட்டோ சான்ஸ் தமிழ், லதா, நிர்மலா யூஐ இவற்றில் இரண்டை மாற்றிப் பாருங்கள். ஒரே ஒரு ஃபாண்டில் மட்டும் உடைந்தால் அந்த ஃபாண்ட்.

அடுத்தது அமைப்பு. பாதிப் புகார்கள் இங்கேயே முடிந்துவிடும் என்பது என் அனுபவம். அடோபியின் மென்பொருள்களில் இந்திய மொழிகளுக்கான ஷேப்பிங் உண்டு, ஆனால் அது வேறு கம்போசரில் (எழுத்துகளை வரியாக அடுக்கும் பகுதி) இருக்கலாம். இன்டிசைனில் பாராகிராஃப் பேனலின் மெனுவைத் திறந்து ‘அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ தேர்வு செய்யுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய் இந்திய மொழித் தேர்வுகளைக் காட்டும் பெட்டியை டிக் செய்துவிட்டு, பாராகிராஃப் பேனலில் தெற்காசியக் கம்போசரை எடுக்க வேண்டும். அப்புறம், இன்டிசைனில் ஒரு பத்தியை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதி அடையாதீர்கள். பாராகிராஃப் ஸ்டைலுக்குள் ஜஸ்டிஃபிகேஷன் பகுதியிலும் கம்போசர் தேர்வு இருக்கிறது. ஸ்டைல் பழையபடியே இருந்தால், அதைப் போடும் ஒவ்வொரு பத்தியும் மறுபடி உடையும். ஒரு தடவை நானே ஒரு வாரம் ஒரு மென்பொருளைத் திட்டித் தீர்த்தேன். வெளிநாட்டு டெம்ப்ளேட் ஒன்றிலிருந்து வந்த ஸ்டைல்தான் காரணம் என்று கடைசியில் தெரிந்தது. நல்லவேளை, புகாரை அனுப்பியிருக்கவில்லை.

சரி, நான்கில் மூன்றைக் கழித்தாகிவிட்டது, இன்னும் உடைகிறது. இப்போது எழுதலாம்.

புதிய ஃபைல் ஒன்றைத் திறங்கள். உங்கள் அழைப்பிதழ் ஃபைலை அனுப்பாதீர்கள். அதில் 40 லேயர் இருக்கும், வாடிக்கையாளரின் போன் நம்பரும் இருக்கும். வெறும் பக்கத்தில் ஒரே ஒரு சொல், ‘கோவில்’ போதும். அதுவும் உடைந்தால் பிழையைச் சிறைபிடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். உடையவில்லை என்றால் இன்னும் நல்ல செய்தி: அழைப்பிதழில் இருந்த வேறு ஏதோ ஒன்று, உதாரணமாக வளைகோட்டின் மேல் எழுத்து, எழுத்து இடைவெளி, செங்குத்து உரை, பிழையைக் கிளப்புகிறது. ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தால் எது என்று அகப்படும்.

பிறகு ஒரு படம் தயார் செய்யுங்கள். இடப்பக்கம் பிரவுசரில் சரியாகத் தெரியும் சொல், வலப்பக்கம் மென்பொருளில் உடைந்த சொல். கொம்பின் மேல் சிவப்பு வட்டம். “இந்தக் குறி எழுத்துக்கு இடப்பக்கம் வர வேண்டும், வலப்பக்கம் வந்திருக்கிறது” என்று ஒரு வரி. தமிழ் அறியாதவருக்கு இந்தப் படம் போதும், அவர் திருத்தியபின் சரியாகிவிட்டதா என்று தானே பார்த்துக்கொள்ள முடியும். படத்தோடு அந்தச் சொல்லை நகலெடுக்கக்கூடிய உரையாகவும் கொடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து அவர் தமிழ் டைப் செய்ய மாட்டார்.

கடிதத்தின் உடல் ஆங்கிலத்தில் இருக்கட்டும், இலக்கணம் பிசகினாலும் பரவாயில்லை. தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

“மென்பொருளின் வெர்ஷன் இது, விண்டோஸ் வெர்ஷன் இது. புதிய ஃபைல் திறந்தேன். டெக்ஸ்ட் கருவியை எடுத்தேன். நோட்டோ சான்ஸ் தமிழ் தேர்ந்தேன். கீழே உள்ள சொல்லை ஒட்டினேன். குறி வலப்பக்கம் வருகிறது, இடப்பக்கம் வர வேண்டும். லதாவிலும் இப்படியே. இதே சொல், இதே ஃபாண்ட் ஃபயர்ஃபாக்ஸில் சரியாக இருக்கிறது. ஒவ்வொரு முறையும் நடக்கிறது. ஃபைலும் படமும் இணைத்துள்ளேன்.”

கோபம், 20 வருட அனுபவம், ‘உலகின் மூத்த மொழி’ எதுவும் வேண்டாம். வெர்ஷன் எண்ணை முழுதாக எழுதுங்கள், ‘லேட்டஸ்ட்’ என்ற சொல் அடுத்த மாதமே பொய்யாகிவிடும். ஒரு புகாரில் ஒரு பிழை. கொம்பும் சொல்திருத்தியும் ஒரே கடிதத்தில் போனால், கொம்பைத் திருத்தியவர் அந்த டிக்கெட்டை (புகார்ப் பதிவை) மூட முடியாமல் தவிப்பார்.

எங்கே அனுப்புவது? வாடிக்கையாளர் சேவை மின்னஞ்சலுக்கு அல்ல, பிழைகளைப் பதிவு செய்யும் தளத்துக்கு. திறமூல டிசைன் மென்பொருள்களில் ஜிம்ப்புக்கு க்னோமின் கிட்லாப், இங்க்ஸ்கேப்புக்கும் கிட்லாப், கிரிட்டாவுக்கு கேடிஇ-யின் பக்ஸில்லா, ஸ்கிரைபஸுக்கு மேன்டிஸ் அடிப்படையிலான அதன் பிழைப்பட்டியல். அடோபியில் இன்டிசைன், இல்லஸ்ட்ரேட்டர் இரண்டுக்கும் மற்றவர்கள் வாக்களிக்கும்படியான யோசனைப் பட்டியல் இருக்கிறது. புதிதாக எழுதும் முன் தேடுங்கள். ‘தமிழ்’ என்று மட்டும் தேடினால் போதாது, இந்தி, வங்காளம், மலையாளம் என்றும் தேடிப் பாருங்கள். கொம்பு இடம் மாறுவதும் வங்காளத்தின் எகரக் குறி இடம் மாறுவதும் பெரும்பாலும் ஒரே நோய். ஏற்கெனவே இருந்தால் அதிலேயே உங்கள் படத்தைச் சேருங்கள். என் புகார் ஒன்றை ‘நகல்’ என்று சொல்லி மூடியபோது முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. யோசித்தால், ஒரே பிழைக்கு ஆறு தனிக் கடிதங்களைவிட ஆறு பேர் கையெழுத்திட்ட ஒரு கடிதம்தான் வரிசையில் மேலே ஏறும்.

இனி உங்கள் சொல்திருத்தி. இது பிழை அல்ல, இல்லாத வசதி. இதற்கு வேறு மாதிரி எழுத வேண்டும். ‘இந்தப் பட்டன் வேண்டும்’ என்று கேட்பதைவிட, எந்த வேலை எங்கே தடைபடுகிறது என்று சொல்வது நல்லது. உங்கள் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: மறுஅச்சு ஆனது பெயர்ப் பிழையால். பெயர்களைச் சொல்திருத்தி பிடிக்காது. ‘தனலட்சுமி’யா ‘தனலெட்சுமி’யா என்பது அந்த வீட்டாருக்குத்தான் தெரியும். உங்களுக்கு உண்மையில் தேவை, வாடிக்கையாளர் அனுப்பிய உரையையும் டிசைனில் உள்ள உரையையும் ஒப்பிட்டு வித்தியாசம் காட்டும் வசதி. அதைக் கேளுங்கள். அது எல்லா மொழிக்காரருக்கும் பயன்படும், ஆதரவும் கூடும். (இன்டிசைனில் சிஎஸ்6 முதலே ஹன்ஸ்பெல் என்ற திறமூலச் சொல்திருத்தி வழியாகத் தமிழ் அகராதி வருகிறது. வேண்டுமானால் பரிசோதித்துப் பாருங்கள்.)

வசதிகள் வரக் காலம் எடுக்கும், இதை மறைத்துப் பயனில்லை. ஒரு ஃபைலில் பல பக்கங்கள் என்பதை இங்க்ஸ்கேப் பயனர்கள் ரொம்ப நாளாகக் கேட்டார்கள், 2022-இல் 1.2 வெர்ஷனில்தான் வந்தது. ஜிம்ப்பில் படத்தை அழிக்காமல் ஃபில்டர் போடும் வசதி 2025 மார்ச்சில், 3.0-வோடு வந்தது. அஃபினிட்டி என்ற டிசைன் மென்பொருளில் முதல் இரண்டு தலைமுறைகளிலும் இந்திய எழுத்துகளுக்கு ஷேப்பிங் இல்லாமலே இருந்தது, கேட்டவர்கள் நிறைய.

எனக்குப் பிடித்த உதாரணம் ஸ்கிரைபஸ். வெகுகாலம் அதில் அரபியும் வராது, தமிழும் வராது. ஓமானைச் சேர்ந்த குழு ஒன்று தங்கள் அரபித் தேவைக்காகத் தாங்களே உட்கார்ந்து நிரல் எழுதி ஹார்ஃப்பஸை உள்ளே கொண்டுவந்தது. 2017-இல் 1.5.3 சோதனைப் பதிப்பில் சேர்ந்தது, 2024 ஜனவரியில் 1.6 நிலைப்பதிப்பாக எல்லோர் கைக்கும் வந்தது. அரபிக்காகச் செய்த வேலையில் தமிழும் நிமிர்ந்தது. நம் கல்லூரிகளில் கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லத் தோன்றும், ஆனால் அது வேறு கட்டுரை.

பிழை திருந்தும்வரை கடை நடக்க வேண்டுமே. நாளை அச்சுக்குப் போக வேண்டிய பத்திரிகை இருந்தால், தமிழ் உரையை இங்க்ஸ்கேப்பில் அமைத்து, எழுத்தைப் பாதையாக மாற்றி (கோரல்காரர்கள் சொல்லும் ‘கர்வ்’), எஸ்விஜி அல்லது பிடிஎஃப்பாக உங்கள் மென்பொருளுக்குள் கொண்டுவாருங்கள். கொம்பு இடம் மாறாது. கர்வ் ஆன பிறகு எழுத்தைத் திருத்த முடியாது என்பதால், மூல ஃபைலைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பெயரை மாற்றச் சொல்லி ராத்திரி பத்து மணிக்கு போன் வரும்.

அந்த ஒற்றைச் சொல் சோதனை ஃபைலையும் அழிக்காதீர்கள். கோவில், கௌரி, ஸ்ரீ, லக்ஷ்மி என்று நான்கைந்து சொற்களைச் சேர்த்து ஒரு மூலையில் வையுங்கள். புதிய வெர்ஷன் வந்தால், வேலைக்குப் பயன்படுத்தும் முன் அதைத் திறந்து பாருங்கள். வெர்ஷன் மாறும்போது வேறு கூத்தும் நடக்கும். 2017-இல் இங்க்ஸ்கேப் 0.92 வந்தபோது அங்குலத்துக்கு 90 பிக்சல் என்ற கணக்கு 96 ஆக மாறியது, பழைய ஃபைல்களைத் திறந்தவர்களிடம் அளவை என்ன செய்வது என்று அதுவே கேட்டது. யோசிக்காமல் பதில் சொன்னால் அச்சில் அளவு மாறிப்போகும். ஆகவே கையில் வேலை இருக்கும் வாரத்தில் அப்டேட் வேண்டாம். சோதனை ஃபைலில் கொம்பு சரியான இடத்துக்கு வந்திருந்தால், அதே டிக்கெட்டில் வெர்ஷன் எண்ணோடு “சரியாகிவிட்டது” என்று எழுதுங்கள். வரவில்லை என்றாலும் அதே டிக்கெட்டில்தான்: வெர்ஷன் எண், “இன்னும் இருக்கிறது”, புதிய படம்.