கருநீலமா, அடர்சாம்பலா? அறைச் சுவருக்கு எதை அடிக்கலாம்?

இந்த இரண்டில் எது என்று குழம்பினால், முதலில் அடிச்சாயலைப் பாருங்கள். ஒரு நிறத்துக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு நிறத்தின் சாடைதான் அது. சாம்பலுக்குள் நீலமோ பச்சையோ ஊதாவோ இருக்கலாம். பக்கத்தில் வெள்ளைத்தாளை வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அடுத்தது விளக்கு. சுவர் தானாக நிறம் காட்டுவதில்லை. தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். 2700 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) மஞ்சள் பல்பில் நீல ஒளி குறைவு. அதனால் ராத்திரியில் கருநீலம் கிட்டத்தட்டக் கறுப்பாகத் தெரியும். ஜவுளிக்கடையில் எடுத்த சேலையை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிரித்துப் பார்ப்போமே, அதே சங்கதி.

சரி, எதை எடுப்பது? பகல் வெளிச்சம் நன்றாக வரும் அறைக்குக் கருநீலம். இரவில் மட்டும் மஞ்சள் விளக்கில் புழங்கும் அறைக்கு, பழுப்புச் சாயல் உள்ள சாம்பல் என் தேர்வு. எதுவானாலும் சாம்பிள் டப்பா வாங்கி, இரண்டடிச் சதுரத்தில் இரண்டு கோட் அடித்து, காலையிலும் இரவிலும் பாருங்கள். ஷேடு கார்டை நம்பி ஒரு சுவரையே திரும்ப அடித்தவன் நான்.

அப்புறம், அடர்நிறம் அறையைச் சூடாக்கும் என்பார்கள். வெயில் படும் வெளிச்சுவருக்குத்தான் அது பொருந்தும். நேரடி வெயில் படாத உள்சுவரில் பெரிய வித்தியாசம் இருக்காது.