கலர் டிரஸ்ஸில் வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பலாமா?

கேள்வி: மகன் ஏழாம் வகுப்பு, மகள் ஒன்பதாம் வகுப்பு. இருவரும் அரசு உயர்நிலைப் பள்ளி. சீருடை இல்லாமல் வருபவர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் சிலர். சீருடையே வேண்டாம் என்று சிலர். உறுப்பினரான நான் என்ன சொல்ல?

பதில்: சகோதரி, சீருடை இருக்கட்டும் என்று சொல்லுங்கள். திருப்பி அனுப்பும் தீர்மானத்துக்கு மட்டும் கை தூக்காதீர்கள்.

சீருடை போட்டால் ஒழுக்கம் தானாக வரும் என்று கூட்டத்தில் யாராவது பேசுவார்கள். அமெரிக்காவின் லாங் பீச் நகரம் 1994-ல் அரசுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை சீருடையைக் கட்டாயமாக்கியபோது அங்கும் இதே பேச்சுதான். 1998-ல் பிரன்ஸ்மா, ராக்கமோர் என்ற ஆய்வாளர்கள் அந்த நகரத்தை மட்டும் பார்க்காமல், அமெரிக்கா முழுவதிலும் உள்ள பத்தாம் வகுப்பு மாணவர்களின் விவரங்களை அலசினார்கள். வருகையிலும் நடத்தையிலும் சீருடையால் பலன் தெரியவில்லை. நல்ல துணி நாலு இல்லாத வீட்டுப் பிள்ளை கூச்சமில்லாமல் வகுப்பில் உட்காரலாம் என்பதுதான் சீருடையின் பெரிய பயன். அந்தப் பிள்ளையையே வாசலில் நிறுத்தினால் பிறகு சீருடை எதற்கு? குழந்தைக்கு மன உளைச்சல் தரக்கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவும் சொல்கிறது. பிரேயரில் தனியாக நிறுத்துவதும் கூடாது.

கூட்டத்துக்கு முன், கலர் டிரஸ்ஸில் வருபவர்கள் ஏன் அப்படி வருகிறார்கள் என்று வகுப்பாசிரியர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 4 செட் விலையில்லாச் சீருடை, எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதில் அது நின்றதும் வாங்க முடியாத வீடுகள் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் துவைத்தது காயாது. சிலருக்குப் போன வருட பேன்ட் கணுக்காலுக்கு மேலே நிற்கும். இந்த வயதில் வருடத்துக்கு 5, 6 சென்டிமீட்டர் வளர்கிறார்களே!

பள்ளியிலேயே பத்து செட் உபரி வையுங்கள். பத்தாம் வகுப்பு முடித்துப் போகிறவர்களிடம் தேர்வு முடிந்த கையோடு கேட்டு வாங்கி, துவைத்து, பட்டன், ஜிப் சரிசெய்து, அளவுச் சீட்டு ஒட்டி அடுக்குங்கள். கொடுப்பதை வகுப்பாசிரியர் பிரேயருக்கு முன்பே, மற்றவர்கள் பார்க்காமல் கொடுக்க வேண்டும்.

உங்கள் மகளுக்கு வாங்கும்போது இரண்டு செட்டுக்கும் கடையில் ஒரே துணிச் சுருளிலிருந்து வெட்டச் சொல்லுங்கள். சுருள் மாறினால் சாயம் கொஞ்சம் மாறும், துவைக்கத் துவைக்கப் பளிச்சென்று தெரியும். பருத்தி என்றால் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்த பிறகே டெய்லரிடம் கொடுங்கள். தைத்த பின் சுருங்கினால் தோளில்தான் முதலில் பிடிக்கும். பக்கவாட்டில் ஒரு அங்குலம், கீழே இரண்டு அங்குலம் உள்மடிப்பு விடச் சொல்லுங்கள். அடுத்த வருடம் பிரிக்கும்போது பழைய மடிப்பு வெளுத்த கோடாகத் தெரியும். அதன்மேல் அதே நிற நூலில் ஒரு தையல் ஓட்டினால் மறையும்.

தீர்மானப் புத்தகத்தில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: "சீருடை இல்லாமல் வரும் மாணவரை வகுப்பில் அமர்த்தி, அன்றே பெற்றோரிடம் காரணம் கேட்டு, தேவைப்பட்டால் பள்ளி இருப்பிலிருந்து சீருடை தருவது." இதற்குத் தாராளமாகக் கை தூக்கலாம்.