ஐசியூவில் சேர்த்த அன்றே ‘சூப்பர்பக்’

கேள்வி: மூச்சுத்திணறலுக்காக அப்பாவை (68) ஐசியூவில் சேர்த்தோம். அன்றே ஆசனவாயில் பஞ்சுக்குச்சி வைத்து எடுத்த டெஸ்ட்டில் ‘கார்பபெனெம் எதிர்ப்பு கிளெப்சியெல்லா’ என்று வந்ததால் தனி அறைக்கு மாற்றிவிட்டார்கள். இந்தக் கிருமிக்கு எந்த மருந்தும் கேட்காது என்கிறது யூடியூப். கொலிஸ்டின் ஊசி போடச் சொல்லலாமா? ஜனவரியில் இடுப்பு எலும்பு ஆபரேஷன் நடந்தது. அதன்பின் சளி பிடித்தால் மெடிக்கலில் செஃபிக்சிம் வாங்கித் தருவோம். வீட்டில் கைக்குழந்தை வேறு இருக்கிறது.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: சொல்லாதீர்கள். கொலிஸ்டின் சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும் மருந்து.

கிளெப்சியெல்லா ஒரு பாக்டீரியா; கார்பபெனெம் என்ற வலுவான ஆன்டிபயாடிக் வகைக்கு அடங்காத ரகம் இது. இந்தக் கிருமி அப்பாவின் குடலில் குடியிருக்கிறது என்பதைத்தான் ரிப்போர்ட் சொல்கிறது. ரத்தத்திலோ நுரையீரலிலோ புகுந்துவிட்டது என்று அதில் இல்லை. குடலில் சும்மா இருப்பதற்கு மருந்து கொடுப்பதில்லை. தனி அறை, கையுறை, கவுன் எல்லாம் பக்கத்துப் படுக்கைக்காரருக்குப் பரவாமல் இருக்க. அப்பா கைமீறிப்போனதால் அல்ல.

சேர்த்த அன்றே தெரிந்ததால், கிருமி வெளியிலிருந்து அவரோடு வந்தது. ஜனவரி ஆஸ்பத்திரி வாசத்தில் ஒட்டியிருக்கலாம். நீங்கள் கொடுத்த செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாடிக் குடலின் நல்ல பாக்டீரியாவை அழித்து அதற்கு இடம் ஒதுக்கித் தந்திருக்கும். பெரும்பாலான சளி வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக்குக்கு அங்கே வேலையே இல்லை. 2014 முதல் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, சீட்டு பார்த்து விற்றாலும் நோயாளி பெயரோடு பதிவேட்டில் எழுத வேண்டும் என்று சட்டம் இருக்கும் மாத்திரை அது. கடைக்காரர் கொடுத்தார், நீங்களும் வாங்கினீர்கள்!

கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: கிருமி ரத்தத்தில் புகுந்திருக்கலாம் என்று காட்டும் அறிகுறிகள். திடீரென நடுக்கத்தோடு காய்ச்சல், பிரஷர் இறங்குவது, சிறுநீர் குறைவது, அப்பா குழம்பிப் பேசுவது. வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் வெறும் குழப்பம் மட்டும் வரலாம். அப்போது டியூட்டி டாக்டரிடம் “முதல் நாள் ஸ்வாப் (பஞ்சுக்குச்சி டெஸ்ட்) ரிப்போர்ட்டைப் பார்த்தீர்களா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். தெரியாதவர் வழக்கம்போல் மெரோபெனெமில் (அதுவும் கார்பபெனெம் வகைதான்) தொடங்குவார். இந்தக் கிருமியிடம் அது பலிக்காமல் போகலாம், நேரமும் போய்விடும். தெரிந்தவர் பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்) எடுத்துவிட்டு, செஃப்டாசிடிம்-அவிபாக்டமோ, அதோடு அஸ்ட்ரியோனமோ, கிருமிக்கு ஏற்றதைத் தொடங்குவார். மருந்தே இல்லை என்பது யூடியூப் பேச்சு. வார்டுக்கு மாற்றும்போதும், வேறு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ரிப்போர்ட் நகல் கையில் இருக்கட்டும். குடலில் அது மாதக்கணக்கில் தங்கும்.

குழந்தையை அப்பா தாராளமாகத் தூக்கலாம். கழிவறை போய்வந்தால் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், போதும்.

சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால், “இன்னும் தேவையா?” என்று ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் தினமும் கேளுங்கள். கிருமி உள்ளே ஏறும் வழிகளில் அதுவும் ஒன்று.