"நேற்று வந்தது யார்?" என்று கேட்பதை நிறுத்துங்கள்

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. கம்பம், கூடலூரிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிவரும் ஜீப் டிரைவர். ஏழு மாதத்துக்கு முன்பு பைக்கிலிருந்து விழுந்து தலையில் பலத்த அடி. 12 நாள் ஐ.சி.யு.வில் இருந்தார். பழைய கதைகளை எல்லாம் நன்றாகச் சொல்கிறார். காலையில் என்ன சாப்பிட்டார் என்பது நினைவில்லை. வலிப்பு மாத்திரையைப் போட்டதை மறந்து மறுபடி போட்டுக்கொள்கிறார். "நேற்று வந்தது யார், யோசித்துச் சொல்லுங்கள்" என்று தினமும் பயிற்சி கொடுக்கிறேன், எரிந்து விழுகிறார். வல்லாரையும் கொடுத்தாயிற்று. நினைவு திரும்புமா? ஜீப் ஓட்டலாமா?
— வாசகி, குமுளி

பதில்: அந்தக் கேள்விப் பயிற்சியை இன்றோடு விட்டுவிடுங்கள், அம்மா. நீங்கள் அக்கறையோடுதான் செய்கிறீர்கள். ஆனால் அது அவருக்குத் தினமும் ஒரு பரீட்சை, தினமும் ஃபெயில். கோபம் வராமல் என்ன செய்யும்?

இன்னொரு காரணமும் உண்டு. நமக்கு ஒரு விடை தப்பானால், "அது தப்பு" என்பதும் சேர்ந்தே நினைவில் நிற்கும். அவருக்கு அது நிற்காது; வாயில் வந்த தப்பான பெயர் மட்டும் ஒட்டிக்கொள்ளும். நினைவு பாதித்தவர்களை ஊகிக்க விடாமல், சரியானதையே சொல்லிக் கொடுத்தால் நன்றாகக் கற்கிறார்கள் என்று 1994இல் பிரிட்டனில் பேட்லி, வில்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் காட்டினார்கள்.

நினைவு என்பது ஒரே பெட்டி இல்லை. அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்பவருக்கு 1953இல் வலிப்புக்காக மூளையில் அறுவை செய்தார்கள். அதன்பின் புதிதாக நடந்த எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. தாளில் வரைந்த ஒரு நட்சத்திரத்தை, முகம் பார்க்கும் கண்ணாடியில் மட்டும் பார்த்தபடி அதன் மேல் கோடு இழுக்கும்படி அவரிடம் சொன்னார் பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர். நாளுக்கு நாள் கை தேறியது. ஆனால் முன்பு செய்த ஞாபகமே அவருக்கு இல்லை! உங்கள் கணவருக்கும் கையின் நினைவு, பழக்கத்தின் நினைவு பெரும்பாலும் மிச்சமிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும்.

மாத்திரையில் தொடங்குங்கள், அதுதான் இப்போது ஆபத்து. வலிப்பு மாத்திரை கூடினால் மயக்கம், தள்ளாட்டம் வரும். விட்டுப்போனால் வலிப்பு வரலாம். கிழமை போட்ட மாத்திரை டப்பா ஒன்று வாங்கி, வாரம் ஒருமுறை நீங்களே நிரப்பி, பல் தேய்க்கும் இடத்தில் வையுங்கள். மீதி அட்டைகளைப் பூட்டிவிடுங்கள். அப்புறம் ஒரே ஒரு பாடம்: "மாத்திரை போட்டேனா?" என்று தோன்றினால் "டப்பாவைப் பார்." முதலில் விடையை நீங்களே சொல்லி, உடனே கேளுங்கள். பிறகு அரை நிமிடம், ஒரு நிமிடம், இரண்டு, நான்கு என்று இடைவெளியை நீட்டுங்கள். தடுமாறினால் காத்திருக்காமல் விடையைச் சொல்லிவிட்டு, முந்தைய இடைவெளிக்கே திரும்புங்கள்.

அது படிந்த பிறகு சட்டைப்பைக்கு ஒரு சின்ன நோட்டு. யார் வந்தார், யாருக்குப் பணம் கொடுத்தார், எல்லாம் அதில். கேரள எல்லையில் இருக்கும் உங்கள் ஊரில் பல வீடுகளில் ஒரு சங்கடம் உண்டு: பிள்ளைகள் மலையாளத்தில் படிப்பார்கள், அப்பா தமிழில் படித்திருப்பார். நோட்டு அவருக்குச் சரளமாக வாசிக்க வரும் எழுத்தில்தான் இருக்க வேண்டும்; முடிந்தவரை அவர் கையாலேயே எழுதட்டும். செல்போன் அலாரமும் நல்ல துணை. குறுக்கெழுத்து, பட்டியல் மனப்பாடம் என்று யாராவது சொன்னால், அவற்றால் அன்றாட மறதி குறைவதில்லை. வல்லாரைத் துவையல் சாப்பிடட்டும், மருந்தென்று நம்ப வேண்டாம்.

நினைவு திரும்புமா? வேகமான தேறுதல் முதல் ஆறு மாதத்தில். அதற்குப் பிறகும், இரண்டு வருடம் தாண்டியும், மெதுவாக முன்னேற்றம் இருக்கலாம். முழுக்கப் பழையபடி ஆகும் என்று நான் வாக்குத் தர மாட்டேன். தூக்கக் குறைவு, மனச்சோர்வு, குடி, தைராய்டு, பி12 குறைவு எல்லாம் மறதியைக் கூட்டும், பரிசோதித்துவிடுங்கள். தேனி அல்லது கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரியில் நினைவுப் பயிற்சி பற்றி விசாரியுங்கள். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, வாந்தி, அதிகத் தூக்கம், கை கால் பலவீனம் தெரிந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ஜீப் இப்போது வேண்டாம். குமுளி மலைப்பாதையின் வளைவுகள் அவர் கைக்குத் தெரியும்தான். ஆனால் எதிரே திடீரென்று பஸ் வந்தால் வேண்டிய கவனமும் வேகமும் வேறு. வலிப்பு பயமும் இருக்கிறது. நரம்பியல் மருத்துவர் சோதித்து, சரி என்று சொல்லும்வரை சாவி உங்களிடம் இருக்கட்டும். காலையில் வண்டியைக் கழுவி, டயரில் காற்றுப் பார்ப்பதை அவரிடமே விடுங்கள்.